ஹால் பூட்டியிருக்கும்போது ஒரு மேசன் லாட்ஜ் கலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: குன்னூர்ப் பக்கம் ஒரு மேசன் லாட்ஜில் (ஃப்ரீமேசன் சகோதர அமைப்பின் கிளையில்) இந்த ஆண்டு செயலாளர் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 2020, 2021 ஊரடங்குகளில் எங்கள் லாட்ஜ் கிட்டத்தட்ட கலைந்தே போனது. வாட்ஸ்அப் குழுவில் குட் மார்னிங் படங்கள்தான் மிஞ்சின. மறுபடி ஊரடங்கோ, மழையில் பாதை அடைபட்டு வெகுநாள் கூட முடியாத நிலையோ வந்தால், சகோதரர்களுக்குள் இருக்கும் நெருக்கமும் சிரிப்பும் போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்:

சடங்கைத் திரைக்குக் கொண்டு போகாதீர்கள். சாப்பாட்டு மேசையை மட்டும் கொண்டு போங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது பற்றி.

ஊரடங்கில் லாட்ஜ்கள் சோர்ந்து போனதற்குப் பெரிய காரணம், திரையில் கூடியபோதும் அதை ஒரு 'மீட்டிங்' ஆக்கியதுதான். நிகழ்ச்சி நிரல், வந்த கடிதங்கள், வரவு செலவு, அடுத்த தேதி என்று ஓடியது. அதற்காக யாரும் ஏங்கவில்லை. கூட்டம் முடிந்து சடங்குக்குக் கட்டும் தோல் ஏப்ரனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பக்கத்து அறையில் சூப்போடு உட்காரும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் ஏங்கினார்கள். அந்த மேசை வெறும் ஒட்டு அல்ல. நவீன ஃப்ரீமேசன் அமைப்பின் தொடக்கமாக மரபாகச் சொல்லப்படுவது 1717 ஜூன் 24-ல் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் கூடிய கூட்டம். அது நடந்த 'கூஸ் அண்ட் கிரிட்அயர்ன்' ஒரு மதுக்கடை. அந்த நான்கு லாட்ஜ்களும் தாங்கள் கூடிய உணவகங்களின் பெயரால்தான் அறியப்பட்டன. தனி ஹால், கறுப்பு வெள்ளைத் தரை எல்லாம் பிற்பாடு வந்தவை.

சடங்கு ஏன் கூடாது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கதவைக் காக்க முடியாது. வாயிற்காவலரான டைலர் உருவிய வாளோடு வெளியே நிற்க, உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் இருக்க வேண்டியவர்கள்தான் என்று உறுதி செய்த பிறகே லாட்ஜ் திறக்கிறது. ஜூமில் ஒருவர் முகம் தெரியும். அவர் அறையில் வேறு யார் இருக்கிறார்கள், பக்கத்தில் எந்தப் போன் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்பது தெரியாது. ஆகவே திறப்பு, மூடல், பட்டமளிப்பு, புதியவரைச் சேர்க்க வாக்குப் பந்து போடுவது எதுவும் வேண்டாம். சடங்கு வரிகளைப் பாடம் பார்ப்பதைக்கூடத் திரையில் செய்யாதீர்கள். இங்கிலாந்து ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் 2020 மார்ச்சில் கூட்டங்களை நிறுத்தி வைத்ததையும் நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் 1961-ல் அமைந்த இந்திய கிராண்ட் லாட்ஜின் கீழ் இருந்தால், சென்னையில் உள்ள தென்மண்டல அலுவலகத்தின் சுற்றறிக்கை என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. ஊரடங்கு அறிவித்த வாரத்திலேயே அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. லாட்ஜ் திறக்கப்படவில்லை என்றால் வீட்டாரும் மேசைக்கு வரலாம். முதல் பதினைந்து நிமிடம் மனைவி, பிள்ளைகள், பேரக்குழந்தைகள் எல்லாரும் இருக்கட்டும். இருபது வருடமாகப் பெயர் மட்டும் கேட்ட ஒருவரின் முகத்தை வீட்டில் உள்ளவர்கள் அப்போதுதான் பார்ப்பார்கள்.

ஆனால் திரை இரண்டாவது வேலை. முதல் வேலை டெலிபோன்.

நாற்பது பேர் உள்ள லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பதற்கு எட்டுப் பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு ஐந்து பெயர். இந்த ஐந்தில் காலமான சகோதரர்களின் மனைவியரும் சேர்த்தி. பட்டியலில் அவர்கள்தான் முதலில். வாரம் ஒரு முறை, ஒரு நாளைக்கு ஒரு வீடு. காலை பத்தரைக்கு மேல், அல்லது மாலை நான்கு மணித் தேநீர் நேரம். ஏழு மணிக்கு மேல் செய்தி, சீரியல், சாப்பாடு என்று அவசரத்தில் பேசுவார்கள். இந்த எட்டுப் பேரும் ஞாயிறு மாலை ஆல்மனருக்கு (உறுப்பினர் குடும்பங்களின் நலம் பார்ப்பவர்) ஒரு வரிச் செய்தி அனுப்ப வேண்டும். ஆல்மனரே நாற்பது பேரையும் அழைப்பது என்று ஏற்பாடு செய்தால் மூன்றாவது வாரத்தில் அது நின்றுவிடும். நல்ல ஆல்மனர்தான் இந்தச் சுமையில் முதலில் விழுவார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. "பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு?", "சிலிண்டர் எப்போ போட்டீங்க?", "ராத்திரி கூட யாரு இருக்கா?" என்று கேளுங்கள். மாத்திரை பத்து நாளைக்குக் கீழே போனால் அன்றே யாராவது கிளம்ப வேண்டும். மலையில் சில மருந்துகள் கோவையிலிருந்து வர வேண்டியவை. மேட்டுப்பாளையம்–குன்னூர்ப் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றித்தான் வரும். இரண்டும் அடைபடுகிற நாளும் உண்டு. 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோவிட் மாதிரி நோய்க்காலம் என்றால் பல்ஸ் ஆக்சிமீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. விரல் சில்லிட்டிருந்தால் அது தப்பாகக் குறைத்துக் காட்டும். ஊட்டிக் காலையில் எழுந்தவுடன் வைத்துப் பார்த்துவிட்டுப் பதறி அழைப்பவர்கள் உண்டு. கையைத் தேய்த்து, சில நிமிடம் கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் சமவெளியைவிட எண் சற்றுக் குறைவாக இருப்பதும் இயல்பு. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே அவரவர் வழக்கமான எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அதிலிருந்து இறங்கினால் டாக்டரிடம் பேச வேண்டும். சகோதரர்கள் போனில் வைத்தியம் பார்க்கக் கூடாது.

இப்போது திரை மேசை.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்று குறைபடுவார்கள். என்னைக் கேட்டால் அது வரம். இரண்டு லிங்க் போடுங்கள். 7.30 முதல் 8.10 வரை ஒன்று, பத்து நிமிடம் எழுந்து தேநீர் எடுத்துக்கொள்ள இடைவெளி, 8.20 முதல் 9.00 வரை இன்னொன்று. இதற்கு மேல் நீட்டினால், பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் இன்பம்.

இரண்டாவது லிங்க்கை வேறொருவர் பெயரில், வேறொரு ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மழையின் குணம் தெரிந்து பிரிக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை குந்தா, அவலாஞ்சி, ஊட்டிப் பக்கம் அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கற்பூர மரமும் சீகை மரமும் மின்கம்பியில் சாய்ந்தால் கரண்ட் வர நாளாகும். அந்த மாதங்களில் நடத்துகிறவர் குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருக்கட்டும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவில்தான் பலமாக இறங்கும். அப்போது பொறுப்பை ஊட்டிக்காரரிடம் மாற்றுங்கள். 2021 ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்த பிறகும் நீலகிரி உட்பட 11 மாவட்டங்களில் கூடுதல் கட்டுப்பாடு நீடித்தது. மலையில் அது மழை தொடங்கும் நேரமும்கூட. ஆகவே இரண்டு தொல்லையும் சேர்ந்தே வரும் என்று எண்ணித்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். நடத்துகிற இருவர் வீட்டிலாவது மோடத்துக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்துவிடுங்கள்.

எஸ்டேட் பங்களாக்களில் சிக்னல் ஜன்னலோரம் மட்டும் இருக்கும். அவர்கள் வீடியோவை மூடிவிட்டுக் குரலோடு மட்டும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தன் முகம் உறைந்து நிற்கிறதே என்று கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடுவார்கள். ஸ்மார்ட்போனே வேண்டாம் என்கிற மூத்தவர்களைத் திரைக்கு இழுக்காதீர்கள். சாதாரண செல்போனில் கான்ஃபரன்ஸ் கால் போட்டால் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். லேண்ட்லைன்காரரையும் அதில் சேர்க்க முடியும். பாஸ்ட் மாஸ்டர்கள் (முன்பு லாட்ஜ் தலைவராக இருந்தவர்கள்) நான்கைந்து பேர் வாரம் ஒரு முறை அப்படிப் பேசிக்கொண்டால் போதும். அவர்களில் ஒருவர் அங்கே விழுந்த நல்ல வரிகளைப் பெரிய மேசையில் வந்து சொல்லட்டும். அங்கே பேசிய பேச்சு இங்கே மதிக்கப்படுகிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

திரையில் சிரிப்பைக் கொல்வது மியூட். நகைச்சுவை சொல்கிறவர் முடித்ததும் முப்பது முகங்கள் வாயைத் திறந்து மூடுகின்றன, சத்தமே இல்லை. அடுத்த தடவை அவர் சொல்ல மாட்டார். எல்லா மைக்கையும் திறந்தாலோ குக்கர் விசில், நாய், தகரக் கூரையில் மழை. இதற்கு வழி, அமைதியான அறையும் நல்ல மைக்கும் தாராளமான சிரிப்பும் உள்ள ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் மைக்கை எப்போதும் திறந்தே வைக்கச் சொல்வது. கச்சேரியில் முதல் வரிசைக்காரர்கள் தலையாட்டுவதுபோல, அவர்கள் சிரித்தால் மற்றவர்களுக்கும் தைரியம் வரும். இந்த ஐவரை வாராவாரம் மாற்றுங்கள்.

பாட்டும், கிளாஸை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும் டோஸ்ட்டும் தனித் தொல்லை. இணையத்தில் ஒவ்வொருவர் குரலும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகப் போவதால் சேர்ந்து பாடவே முடியாது. பத்துப் பேர் பத்துத் தாளத்தில் இழுப்பார்கள். ஒருவர் மட்டும் மைக்கைத் திறந்து பாட, மற்றவர்கள் மைக்கை மூடிக்கொண்டு அவரோடு சேர்ந்து பாட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அது இரண்டு பேர் பாட்டாகக் கேட்கும்; அது போதும். டோஸ்ட் முடிந்ததும் கனத்த அடி வைத்த கிளாஸை மேசையில் தட்டும் 'ஃபயர்' வேறொரு சிக்கல். ஜூம் அந்தத் தட்டலை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். சடங்குகளை நெறிப்படுத்தும் டைரக்டர் ஆஃப் செரிமனீஸ் ஒருவர் மட்டும் ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' போட்டுக்கொண்டு தட்டட்டும். மற்றவர்கள் மியூட்டில், அவர் கையைப் பார்த்துத் தட்டுங்கள். கண்ணாடி மேசையில் தட்ட வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது. ஊரடங்கில் டாஸ்மாக்கும் மூடியிருக்கும் என்பதால், எல்லார் கிளாஸிலும் நீலகிரித் தேநீர்தான் என்று அறிவித்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

டோஸ்ட்டுகளை மூன்றாகக் குறையுங்கள்: நாட்டுக்கு ஒன்று, வராதவர்களுக்கு ஒன்று, கடைசியில் டைலர் சொல்லும் நிறைவு டோஸ்ட். நீண்ட பட்டியல் ஹாலில் கம்பீரமாக இருக்கும். திரையில் தூக்கம் வரும். இந்த மூன்றில் வராதவர்களுக்கான ஒன்பது மணி டோஸ்ட் ஊரடங்குக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஒன்பது மணிக்குக் கடிகார முள்கள் மேசன்களின் சின்னமான மூலைமட்டம் போல நிற்கும் என்பதால் வந்த வழக்கம் அது. அதற்குத் திரையே தேவையில்லை. புதன்கிழமை இரவு ஒன்பதுக்கு அவரவர் வீட்டில் கையில் இருப்பதை உயர்த்தி, வராதவர்களை நினைத்துக்கொண்டால் ஆயிற்று. இப்போது எல்லாருமே வராதவர்கள்தான். இன்டர்நெட் இல்லாத வீட்டிலும், கரண்ட் இல்லாத வீட்டிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதைச் செய்யலாம். வேறு எதையும் நடத்த முடியாவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

சரி, சிரிப்பு. "யாராவது ஜோக் சொல்லுங்க" என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் ஃபார்வர்டில் வந்த பழையதைப் படிப்பார்கள். சிரிப்புக்கு ஒரு சட்டகம் வேண்டும். லாட்ஜுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது: பதவிகள். ஹாலில் கம்பீரமாக இருக்கும் அதே பதவிகள், திரையில் வேலை இழந்து நிற்பதே வேடிக்கை.

வாளும் இல்லாமல் கதவும் இல்லாமல் இருக்கும் டைலருக்கு ஜூம் வெயிட்டிங் ரூமைக் கொடுங்கள். ஒவ்வொருவரையும் உள்ளே விட்டதும் அவர் ஒரு விசாரணை நடத்தட்டும்.

"பிரதர், மேலே கோட்டு தெரியுது. கீழே?"

"வேட்டி."

"கம்பளி சாக்ஸ்?"

"போட்டிருக்கேன்."

"வேட்டிக்கு சாக்ஸா? பத்து ரூபாய். உட்காருங்க."

இருபது விநாடிக்கு மேல் ஒருவரிடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்வி வாராவாரம் மாற வேண்டும்.

பதவி வரிசையில் மூன்றாமவரான ஜூனியர் வார்டன் அபராத அதிகாரி. "மியூட்ல இருக்கீங்க" என்று சொல்கிறவருக்குப் பத்து ரூபாய், சொல்ல வைத்தவருக்குப் பத்து ரூபாய். நெற்றியும் சீலிங்கும் மட்டும் தெரியும்படி உட்கார்ந்தால் இருபது. தாமதமாக வந்து, தோட்டத்தில் காட்டுமாடு நின்றதால் லேட் என்றால், படம் காட்டினால் மன்னிப்பு, இல்லாவிட்டால் இருபது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இந்தச் சாக்கு பாதி நேரம் நிஜமாகவே இருக்கும் என்பதால்தான் படம். ஒருவருக்கு ஓர் இரவில் நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பணக்காரருக்கு ஒரு கணக்கு, மற்றவருக்கு ஒரு கணக்கு என்றும் கூடாது. பணம் தர்மப் பைக்கு, யுபிஐயில், பொருளாளர் எண்ணுக்கு. சந்தா பாக்கியை மட்டும் இந்த மேசையில் வாயெடுக்காதீர்கள். வருமானம் நின்று போனவர் அடுத்த வாரம் வர மாட்டார், ஏன் என்றும் சொல்ல மாட்டார்.

செயலாளராகிய உங்களுக்குக் கேலிக் குறிப்பு. போன வாரக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை, அசல் குறிப்பின் நடையிலேயே, முகத்தில் சிரிப்பில்லாமல் மூன்று நிமிடம் படியுங்கள். "வொர்ஷிப்ஃபுல் மாஸ்டர் பதினோரு நிமிடம் உரையாற்றினார். அதில் முதல் நான்கு நிமிடம் மைக் மூடியிருந்தது. அந்த நான்கு நிமிட உரையைச் சபை ஒருமனதாகப் பாராட்டியது." இப்படி. மாஸ்டரைக் கேலி செய்யலாம். அந்த நாற்காலிக்கு அது தாங்கும். ஆனால் அவரிடம் முதல் நாளே படித்துக் காட்டிவிடுங்கள்.

மாதம் ஒரு பட்டிமன்றம் வையுங்கள். தலைப்பு எவ்வளவு அற்பமோ அவ்வளவு நல்லது: 'வர்க்கியை (ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்) தேநீரில் நனைத்துத் தின்பது நாகரிகமா, அநாகரிகமா?', 'ஊட்டிக் குளிரா, குன்னூர் மூடுபனியா, மனிதனைச் சோம்பேறியாக்குவது எது?' பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், நடுவர் ஒரு பாஸ்ட் மாஸ்டர். தீர்ப்பு ஐந்து நிமிடம். யாரை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் சூட்சுமம். நனைக்காமல் சாப்பிடவே முடியாத எழுபது வயதுக்காரரை 'நனைப்பது அநாகரிகம்' அணியில் போடுங்கள். பேச்சுக்கு நடுவில் அவர் தன்னையறியாமல் நனைத்தால் அன்றைய இரவு வெற்றி. இன்னொரு வாரம் புளுகு மன்றம்: ஆளுக்கு மூன்று நிமிடம், மூன்று சம்பவம், அதில் ஒன்று மட்டும் உண்மை, எது என்று மற்றவர்கள் வாக்களிக்க வேண்டும். நாற்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்களிடம் நம்ப முடியாத உண்மைகள் நிறைய இருக்கும். விநாடி வினாவுக்குக் கேள்வி தேட வேண்டியதில்லை. கல்கத்தாவில் 1884-ல் மேசனான துறவி யார் (அப்போது அவர் துறவி அல்ல, பிற்காலத்து விவேகானந்தர்), லாகூரில் 1886-ல் சேர்ந்த எழுத்தாளர் யார் (கிப்ளிங்), 1775-ல் திருச்சியில் சேர்ந்த ஆற்காட்டு நவாப் மகன் யார் (உம்தத்-உல்-உமரா) என்று நம் சரித்திரத்திலேயே கிடக்கிறது.

எதைச் சிரிக்கக் கூடாது என்பதிலும் கறாராக இருங்கள். மதமும் அரசியலும் லாட்ஜில் கூடாது என்பது பழைய சட்டம். ஊரடங்கில் தடுப்பூசி வாதத்தையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். மலை லாட்ஜ் என்றால் படுகர், தமிழர், மலையாளி, கன்னடர், வெலிங்டனில் ஓய்வு பெற்ற வட இந்திய ராணுவ அதிகாரி என்று கலந்திருப்பார்கள். சாதி, மொழி, ஊர் வைத்துச் சொல்லும் ஜோக் ஹாலில் தோளில் கை போட்டுச் சொன்னால் ஒருவேளை தப்பிக்கும். திரையில் தோள் இல்லை. சிலேடையும் மொழி தெரியாதவரைத் தனியே உட்கார வைக்கும். ஆகவே பேச்சைவிடக் காட்சி வேடிக்கை (யார் வீட்டு ஸ்வெட்டர் பழையது, யார் ஜன்னலில் பனி கெட்டி) எல்லாரையும் சேர்க்கும். பச்சைத் தேயிலை விலையை வைத்துச் சிரிக்கும் உரிமை சிறு விவசாயிகளுக்கு மட்டும். தொழிற்சாலை வைத்திருப்பவர் அந்த ஜோக்கைச் சொன்னால் அது ஜோக்காக விழாது.

கூட்டத்தன்று மாலை ஐந்து மணிக்கு மாஸ்டரும் ஆல்மனரும் பேசிக்கொள்ள வேண்டும். எந்த வீட்டிலாவது யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் அன்று நோய் பற்றிய கேலி எதுவும் கிடையாது என்று பேச இருக்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். மரணம் என்றால் அன்றைய நிகழ்ச்சியை ரத்து செய்து, அதே நேரத்தில் கால் மணி நேரம் மட்டும் கூடுங்கள். காலமானவரைப் பற்றி இரண்டு பேர் பேசட்டும். அதில் ஒருவர் அவர் எதற்குச் சிரிப்பார் என்பதைச் சொல்லட்டும். அடுத்த வாரக் கூட்டத்தையும் ரத்து செய்துவிடாதீர்கள். துக்கத்துக்காக இரண்டு முறை தொடர்ந்து நிறுத்திய கூட்டத்தை மறுபடி தொடங்குவது கடினம்.

வாட்ஸ்அப்பைப் பிரியுங்கள். அறிவிப்புக்கு ஒரு குழு. அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம். அரட்டைக்கு இன்னொன்று. ஒரே குழு என்றால் "ரத்தம் தேவை" என்ற செய்தி நாற்பது ரோஜாப்பூக்களுக்குக் கீழே புதைந்துவிடும். அரட்டைக் குழுவில் ஃபார்வர்டுக்கு ஞாயிறு மட்டும் அனுமதி. மற்ற ஆறு நாளும் 'இன்றைய நாற்காலி': பட்டியல்படி ஒருவர், தானே எடுத்த ஒரு படமும் மூன்று வரியும் போட வேண்டும். முள்ளங்கி முளைத்ததோ, கழன்ற ஷூ அடியோ எதுவானாலும் சரி. நாற்பது பேருக்கு ஏழு வாரத்தில் ஒரு சுற்று வரும். மறந்தவருக்கு அபராதம் எவ்வளவு என்பது ஜூனியர் வார்டனுக்குத் தெரியும். குரல் பதிவு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மேசை என்றால் சாப்பாடு வேண்டுமே. மாதம் ஒரு முறை ஒரே பொட்டலம் எல்லா வீட்டுக்கும் போகட்டும்: கால் கிலோ வர்க்கி, நூறு கிராம் தேயிலை, ஒரு சீட்டில் அன்றைய நிகழ்ச்சி. கடை திறக்க அனுமதி உள்ள நேரத்துக்குள், ஊர்வாரியாக ஒருவர், அனுமதியோடு நடமாடும் பால் அல்லது காய்கறி வண்டியில் அனுப்பலாம். வாசலில் வைத்துவிட்டுப் போனில் சொன்னால் போதும். மழைக்காலக் காற்றில் வர்க்கி ஒரே நாளில் நமுத்துவிடும். காகிதப் பையில் அனுப்பினால் உடனே இறுக்கமான டப்பாவில் மாற்றச் சொல்லுங்கள். நமுத்துப் போனால் எண்ணெய் விடாத தோசைக்கல்லில், சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டி ஆற வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். சூட்டோடு டப்பாவில் போட்டால் மறுபடி நமுக்கும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு உப்பு வர்க்கியா இனிப்பா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டிய ஹாலை மறந்துவிடாதீர்கள். மூன்று மாதம் அடைத்து வைத்தால் ஆட்டுத்தோல் ஏப்ரனில் பச்சையாகப் பூஞ்சணம் படரும், ஜரிகை கறுக்கும், கம்பளம் நாறும். அனுமதி கிடைத்தவுடன் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரண்டு பேர், மழையில்லாத நாளில் பதினொன்று முதல் இரண்டு வரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஏப்ரனை மடிக்காமல் தட்டையாக, பருத்தித் துணிக்குள் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் சூடு காட்டி உலர்த்தித் திரும்ப வையுங்கள். பூஞ்சணத்தை வெளியே எடுத்துப் போய் மென்மையான பிரஷ்ஷால் உலர்வாகத் தட்டிவிட்டு, பிறகுதான் லேசாக ஈரம் காட்டிய துணி. நேர் வெயிலில் போட்டால் தோல் மஞ்சளாகி விறைக்கும். போகிற இருவரும் ஹாலில் தெரிந்த ஏதாவது ஒன்றைப் படம் எடுத்து, என்ன என்று சொல்லாமல் குழுவில் போடட்டும். எந்த நாற்காலியின் கால் அது என்று கண்டுபிடிக்கிற போட்டியில் அரைநாள் ஓடும்.

ஆறாவது, ஏழாவது வாரத்தில் வருகை குறையும். அது உங்கள் தப்பல்ல, திரைச் சலிப்பு. வாரம் ஒன்றாக இருப்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்குங்கள். இரண்டாம் பாதியில் ஐந்தைந்து பேராகச் சின்ன அறைகளில் பிரித்து, பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். மூன்று பேர் என்றால் ஒருவர் மௌனமானால் பேச்சு படுத்துவிடும். எட்டுப் பேர் என்றால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு மூத்தவர், ஒரு புதியவர் என்று நீங்களே கையால் பிரியுங்கள்; கணினியிடம் விட்டால் தினம் பேசிக்கொள்ளும் மூன்று பேரை ஒரே அறையில் தள்ளும். ஊரடங்குக்குச் சற்று முன்னால் முதல் பட்டம் வாங்கியவர்தான் உங்களுக்கு முக்கியமான ஆள். அவருக்குச் சடங்கும் தொடரவில்லை, முகங்களும் பழகவில்லை. அவரை முன்மொழிந்தவர் வாரம் ஒரு முறை தனியாக அழைக்க வேண்டும். மேசையில் அவருக்கு ஒரு பதவியும் கொடுங்கள். டைலருக்கு உதவி, அபராதக் கணக்கு, எதுவானாலும் சரி. வேலை இருக்கிறவர் வராமல் இருக்க மாட்டார்.

திரைக் கூட்டத்தை யாரும் பதிவு செய்யக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பதானால் கேட்டுவிட்டு என்பதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் சொல்லுங்கள். கேலிக் குறிப்பின் ஒரு துண்டு வெளியே போனால், வேடிக்கை என்று தெரியாதவர்கள் கையில் அது வேறு உருவம் எடுக்கும்.

ஹால் திறக்கிற முதல் நாளில் தேங்கிக் கிடக்கும் சடங்குகளையெல்லாம் அடுக்காதீர்கள். திறந்து, இடையில் காலமானவர்களின் பெயர்களைப் படித்து, மூடிவிட்டு, சீக்கிரம் மேசைக்குப் போங்கள். புதிய மாஸ்டரை நாற்காலியில் அமர்த்தும் நிறுவல் தள்ளிப்போய் இரண்டாவது வருடமும் நாற்காலியில் இருக்கும் மாஸ்டருக்கு அன்றைக்குக் கேலி கொஞ்சம் கூடுதலாகவே விழும், விழட்டும். அன்றைய சாப்பாட்டுச் செலவுக்கு அபராதப் பணத்தைத் தொடாதீர்கள். அது தர்மப் பைக்கு என்று சொல்லி வாங்கியது. தலைக்கு இவ்வளவு என்று வழக்கம்போல வசூலித்துவிட்டு, அபராதம் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, அதில் அதிகம் கட்டியவர் யார் என்பதை மட்டும் பொருளாளர் எழுந்து படிக்கட்டும்.